செட்டியார் அலமாரி (கடிதம்)

அன்புள்ள ஆச்சி,

எனக்கு ஊர் தேவகோட்டை, வேலை சிங்கப்பூரில். சென்ற மாதம் இங்கே ஒரு நூலகக் கணினியில் ‘செட்டியார்’ என்று தட்டிப் பார்த்தேன். பயண நூல், வடமொழி நாடகத்தின் மொழிபெயர்ப்பு, திருவாசக உரை, அகராதி என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத புத்தகங்கள் வரிசையாக வந்தன. எழுதியவர்கள் எல்லோருக்கும் ஒரே பெயர். வீட்டில் செட்டியார்கள் எழுதிய நூல்களுக்கென்றே ஓர் அலமாரி வைக்கலாம் என்றிருக்கிறேன். எந்தப் பத்துப் புத்தகங்களோடு தொடங்கலாம்? பேரேடு எழுதிப் பழகிய ஒழுங்கு இவர்கள் எல்லோருடைய எழுத்திலும் இருப்பதாகத் தோன்றுகிறது. நான் நினைப்பது சரியா?

மெய்.

அன்புள்ள மெய்.,

உங்கள் கடிதம் வந்த நேரம் அப்படி. அதற்கு நாலு நாள் முன்புதான் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு பழைய புத்தகத்தை விலை பேசி வாங்கிவந்து, மேசைமேல் வைத்து, அதன் முதல் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் உங்களைக் கோபித்துக்கொள்கிறேன், தம்பி. பேரேட்டு ஒழுங்கு ரத்தத்தில் ஓடுகிறது என்ற பேச்சைக் கல்யாண வீட்டிலும் விழா மேடையிலும் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. ஒரு தனி மனிதர் பட்ட பாட்டை எடுத்துச் சாதியின் கணக்கில் வரவு வைக்கிற பேச்சு அது. மகிபாலன்பட்டி கதிரேசச் செட்டியார் இளமையிலேயே வாதநோயால் கால் முடங்கியவர். திண்ணைப் பள்ளியில் சில மாதங்கள் உட்கார்ந்ததுதான் அவருடைய பள்ளிப்படிப்பு. பதினோரு வயதில் இலங்கைக்குக் கடை வேலைக்குப் போய்த் திரும்பியவர். அதற்குப் பிறகு தமிழையும் வடமொழியையும் தன் முயற்சியில் கற்று, சூத்திரகரின் மிருச்சகடிகத்தை ‘மண்ணியல் சிறுதேர்’ என்று தமிழில் தந்தார். இதில் பேரேடு எங்கே இருக்கிறது? கடை வேலையில் அவர் நிலைத்திருந்தால் அந்தப் புத்தகமே கிடையாது.

மேலைச்சிவபுரி வ.சுப. மாணிக்கம் பையனாக ரங்கூனில் வட்டிக்கடையில் வேலை பார்த்தார். வருமானவரி அதிகாரி வந்து கேட்டால் முதலாளி இல்லை என்று சொல்லச் சொன்னார்கள். இருக்கிறவரை இல்லையென்று சொல்ல மாட்டேன் என்றார். வேலை போயிற்று, ஊருக்குக் கப்பலேறினார். பிறகு அதே கதிரேசச் செட்டியாரிடம்தான் தமிழ் படித்தார். ‘வள்ளுவம்’, ‘தமிழ்க் காதல்’ எல்லாம் அப்புறம் வந்தவை. பேரேடு அவரை வெளியே தள்ளியது என்பதுதான் கதை.

அந்த மாணிக்கம் உங்கள் அலமாரிக்குள் வரமாட்டார், கவனித்தீர்களா? அவர் பெயருக்குப் பின்னால் அந்த ஒட்டு இல்லை. மாவட்டம் மாவட்டமாகச் சுற்றி எழுதிய நெற்குப்பை சோமலெ வரமாட்டார். நம் வீட்டுக் குழந்தைகளெல்லாம் பாடி வளர்ந்த ராயவரம் அழ. வள்ளியப்பா வரமாட்டார். சிறுகூடல்பட்டி முத்தையா கண்ணதாசன் ஆகிவிட்டார், அவரும் வெளியே. மாறாக, சென்னைப் பல்கலைக்கழக ஆங்கிலம்-தமிழ்ச் சொற்களஞ்சியத்தின் தலைமைப் பதிப்பாசிரியர் அ. சிதம்பரநாதன் செட்டியார் உள்ளே வந்து நிற்பார். அவர் பிறந்தது கும்பகோணத்தில். செட்டியார் என்பது நம் செட்டிநாட்டு நகரத்தாருக்கு மட்டுமான ஒட்டா என்ன? தமிழ்நாட்டில் எத்தனையோ சமூகத்தார் போட்டுக்கொள்கிறார்கள். நாளைக்கு யாராவது ‘பிள்ளை’ என்று ஓர் அலமாரி வைத்து, ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பையும் 1879இல் நாவல் எழுதிய வேதநாயகம் பிள்ளையையும் அகராதி செய்த வையாபுரிப் பிள்ளையையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி, ‘இவர்களிடம் பொதுவாக என்ன இருக்கிறது’ என்று கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் அலமாரியில் ஒரு பெண் கூட இருக்க மாட்டாள். எங்களை ஆச்சி என்று கூப்பிடுவீர்கள், செட்டியார் என்று எங்கள் புத்தக அட்டையில் யாரும் அச்சடிப்பதில்லை. எனக்கு ஐயாயிரம் பக்கம் எழுதியிருக்கிற திமிர் உண்டு. அதனால் இது என்னை உறுத்தத்தான் செய்கிறது.

நம்மிடம் குடும்பப் பெயர் என்ற ஒன்றே இல்லை, தம்பி. இருப்பது தன் பெயர், அதற்கு முன்னால் அப்பா பெயரின் எழுத்து, சிலருக்கு ஊரின் எழுத்து. கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்வது வேறு தேசத்து வழக்கம். நூலகத் துறையில் உலகமே மதிக்கிற எஸ்.ஆர். ரங்கநாதனை எடுத்துக்கொள்ளுங்கள். ‘எஸ்’ என்பது சீர்காழி, ‘ஆர்’ என்பது அப்பா ராமாமிர்தம், ரங்கநாதன் அவருடைய சொந்தப் பெயர். 1933இல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை புத்தகத்தைப் பொருள் பார்த்துத்தான் அடுக்கச் சொல்கிறது. ஏ.கே. செட்டியாரைப் பாருங்கள். ‘கே’ என்பதுதான் கருப்பன், அவர் பெயர். சொந்தப் பெயர் ஓர் எழுத்துக்குள் ஒடுங்கி, ஒட்டு வந்து பெயராக உட்கார்ந்துவிட்டது. 1937இல் கப்பலில் போகும்போது காந்தியைப் பற்றிப் படம் எடுக்கவேண்டும் என்று தோன்றி, நாடு நாடாகத் துண்டுப் படங்களைத் தேடிச் சேர்த்து, 1940இல் வெளியிட்டவர். அந்தக் கருப்பனைச் செட்டியார்களில் ஒருவர் என்று எண்ணிக்கையில் சேர்த்தால் என் மனம் ஒப்புவதில்லை.

நகரத்தாரின் உண்மையான முகவரி பெயருக்குப் பின்னால் கிடையாது, முன்னால் இருக்கிறது. அதைத்தான் விலாசம் என்கிறோம். மூத்த பையனுக்கு அப்பாவின் அப்பாவான ஐயாவின் பெயரை வைப்பது நம் வழக்கம். அதனால் ஓர் ஊரில் பத்துச் சிதம்பரம், பத்துப் பழனியப்பன் இருப்பார்கள். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன இடத்தில் உண்டியல் என்கிற பணச்சீட்டு எந்தச் சிதம்பரத்துக்கு என்று எப்படித் தெரியும்? பாட்டன், அப்பன், மகன் என்று மூன்று எழுத்து, சில வீட்டில் நாலைந்து எழுத்து. அதுதான் கடைப் பெயர், அதுதான் கையெழுத்து, அதை நம்பித்தான் பணம் கை மாறியது. நீங்கள் இருக்கிற சிங்கப்பூரிலேயே மார்க்கெட் தெருவில் கிட்டங்கி என்கிற கடைக் கட்டடங்களில் ஒரே கூடத்தில் பல கடைகள், ஆளுக்கொரு பெட்டி வைத்துத் தரையில் உட்கார்ந்து நடத்தினார்கள். ஒரு கடையை இன்னொரு கடையிலிருந்து பிரித்துக் காட்டியது அந்த எழுத்துகள்தான். எங்கள் அம்மாவுக்குக் கல்யாணச் சாமானாகக் கொடுத்த பித்தளை அண்டா, குத்துவிளக்கு, சின்னக் கரண்டி வரை பெயரெழுத்து வெட்டியிருக்கும். விருந்து முடிந்து பாத்திரங்கள் கலந்து கிடந்தால், அப்பத்தா கண்ணாடி போடாமல் விரலால் தடவிப் பார்த்து, இது நம்முடையது, அது அடுத்த வீட்டுடையது என்று தனித்தனியாக எடுத்து வைப்பார். அப்பத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. அந்த எழுத்துகள் மட்டும் தெரியும்.

எங்கள் ஐயா, அப்பச்சியின் அப்பா, 1942இல் பர்மாவிலிருந்து திரும்பும்போது கொண்டுவந்தது ஒரு ரப்பர் ஸ்டாம்பும் இரண்டு வேட்டியும். மற்றதெல்லாம் அங்கேயே போயிற்று. அந்த ஸ்டாம்பை வைத்துக்கொண்டு அவர் தன் புத்தகங்களுக்கெல்லாம் ஊதா மையில் முத்திரை குத்துவார். ‘ராம.பழ.சித.’ மூன்றாம் பக்கத்தில் ஒன்று, கடைசிப் பக்கத்தில் ஒன்று. இரண்டாங்கட்டில் மர அலமாரி நிறையப் புத்தகம் இருந்தது. வீட்டைப் பங்கு வைத்தபோது நான் கல்யாணமாகி வெளியூரில் இருந்தேன். கதவு நிலைக்கும் தூணுக்கும் பெல்ஜியம் கண்ணாடிக்கும் ஆளாளுக்குக் கணக்குப் பார்த்தவர்கள் புத்தகங்களை எடைக்குப் போட்டார்கள். இதை எழுதும்போது கூட எனக்குக் கை நடுங்குகிறது. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அந்த வாரம் முனீஸ்வரன் கோயில் தெருவில், எனாமல் தூக்குகளுக்கு நடுவே ஒரு கட்டுப் புத்தகம் கிடந்தது. மேலே இருந்தது ‘மண்ணியல் சிறுதேர்’, பழைய பதிப்பு, முதுகு பிரிந்து, செல்லரித்து. எடுத்துப் புரட்டினேன். மூன்றாம் பக்கத்தில் ஊதா மை மங்கியிருந்தது. ‘ராம.’ தெரிந்தது, ‘சித.’ தெரிந்தது, நடுவில் பூச்சி அரித்திருந்தது. கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன், மூன்றும் முழுதாக இருந்தன. கடைக்காரர் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வந்தேன். ‘செட்டியார்’ என்று எழுதின பழைய புத்தகம் அந்தத் தெருவில் நூறு இருக்கும். அந்த மூன்று எழுத்து இல்லையென்றால் அதைத் திருப்பி வைத்துவிட்டுத்தான் வந்திருப்பேன்.

பத்துப் புத்தகம் கேட்டீர்கள். ஏ.கே. செட்டியாரின் ‘உலகம் சுற்றும் தமிழன்’ ஒன்றை வாங்கிப் படியுங்கள், மற்றதை அதுவே வாங்க வைக்கும். பயண நூலைப் பயண நூல்களோடு வையுங்கள், நாடகத்தை நாடகத்தோடு. அடுத்த முறை ஊருக்கு வரும்போது கோட்டையூர் போங்கள். ரோஜா முத்தையா தன் புத்தகச் சேமிப்பைக் குவித்து வைத்திருந்த ஊர் அது. பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, இப்போது சென்னையில் நூலகமாக இருக்கிறது. அப்படி ஒருவர் சேர்த்து வைக்காமல் போயிருந்தால் அவற்றில் பாதி எடைக்குத்தான் போயிருக்கும்.

அப்புறம், ‘மெய்.’ என்று மட்டும் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். அது அப்பச்சி பெயரா, ஐயா பெயரா? தேவகோட்டையில் எந்த வீடு? அடுத்த கடிதத்தில் விலாசத்தை முழுதாக எழுதுங்கள். அந்தத் தெருவில் இன்னும் மூன்று கட்டு பிரிக்காமல் கிடக்கிறது, போகும்போது பார்க்கிறேன்.

அன்புடன்,
ஆச்சி