கொதித்த தண்ணீர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் கைதிகளையும் கூலிகளையும் வைத்துச் சயாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து, பர்மாவுக்குப் போட்ட மரண ரயில் பாதை பற்றிய உங்கள் குறிப்பைப் படித்தேன். என் தாத்தா மலாயாத் தோட்டம் ஒன்றிலிருந்து 1943-இல் அங்கே கொண்டுபோகப்பட்டு உயிரோடு திரும்பியவர். அதைப் பற்றி வீட்டில் அவர் பேசியதே இல்லை. போரில் சிலரைப் பிழைக்கவைத்தது மன உறுதிதானே? பயிற்சி பெற்ற சிப்பாய்களுக்கு அது கூடுதலாக இருந்திருக்கும் இல்லையா? தாத்தாவை நாயகனாக வைத்து ஒரு நாவல் எழுத ஆசை. எங்கே தொடங்குவது? இன்னொன்று, ஜப்பானியர் ஆசியாவை விழிக்கவைத்தார்கள் என்ற கோணத்தை நீங்கள் தொடவே இல்லை.

செந்தில்

அன்புள்ள செந்தில்,

ஆசியாவின் விழிப்பை வேறு யாரிடமாவது பேசிக்கொள்ளுங்கள். எனக்கு அதில் ஆர்வம் இல்லை.

மன உறுதிக்கு வருகிறேன். சுயமுன்னேற்ற மேடைகளில் விற்கிற சரக்கை எதற்கு ஐயா சயாம் காட்டுக்குக் கொண்டுபோகிறீர்கள்? உங்கள் தாத்தாவோடு அதே அரிசி வேகனில், இரும்புப் பெட்டிக்குள் நாள்கணக்கில் வெந்துபோய், சயாமில் பாதை தொடங்கும் பான் போங்கில் இறங்கியவர்களில் பலர் திரும்பவில்லை. அவர்களுக்கெல்லாம் உறுதி போதவில்லை என்று சொல்ல வருகிறீர்களா? எழுதும்போது தோன்றியிருக்காது, தெரியும். இப்போதாவது தோன்றட்டும்.

சில நாட்களாக இந்தக் கணக்கைத்தான் நானும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் தண்டவாளத்தை இணைத்துவிட்டார்கள். அதில் வேலை செய்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் செத்தார். ஆசியக் கூலிகள், அதாவது தமிழர், பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர் எல்லோருமாக 1,80,000-க்கும் மேல் என்கிறார்கள். அதில் பாதிப் பேர் செத்திருக்கலாம் என்பது பொதுவான மதிப்பீடு. காடும் மழையும் அரைவயிற்றுச் சோறும் இரண்டு கூட்டத்துக்கும் ஒன்றுதான். வெயிலுக்கும் மண்வெட்டிக்கும் பழகியவர்கள் நம் ஆட்கள். வெள்ளைக்காரச் சிப்பாய் அதைவிடக் குறைவாகச் செத்தது எப்படி?

கக்கூஸ்தான் காரணம். சிரிக்காதீர்கள். பிடிபட்ட பிறகும் அது பட்டாளமாகவே இருந்தது. அதிகாரி, சார்ஜன்ட், மருத்துவர் என்ற வரிசை குலையவில்லை. முகாமில் இறங்கியதும் குழி எங்கே வெட்டுவது, குடிக்கிற தண்ணீரை எங்கே கொதிக்கவைப்பது என்று சொல்ல ஆள் இருந்தது. சொன்னால் கேட்கவும் ஆள் இருந்தது. சாப்பாட்டுத் தட்டைக் கொதிநீரில் முக்கிய பிறகே சோறு. வீரி டன்லப் மாதிரியான ஆஸ்திரேலிய மருத்துவர்கள் சுத்தம் விஷயத்தில் விடாப்பிடியாக நின்றார்கள். காலரா வந்தவனுக்கு உப்புநீர் ஏற்ற மூங்கிலைச் சீவிக் குழாய் செய்தார்கள். அதற்காக இதை மந்திரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1943 ஏப்ரலில் சிங்கப்பூரிலிருந்து அனுப்பப்பட்ட ‘எஃப்’ படை என்ற கைதிக் கூட்டத்தின் 7,000 பேர் மழைக்காட்டில் 300 கிலோமீட்டர் நடந்தார்கள். வழியில் கொன்கொய்தா முகாமில் காலரா பிடித்தது. மூவாயிரம் பேருக்கு மேல் போய்விட்டார்கள்.

நம்மவர்களுக்கோ அந்த வரிசைகூட இல்லை. தோட்டத்தில் விடிந்ததும் பெரட்டுக்கு நிற்கவைத்துக் கணக்கெடுக்கத் துரை, கிராணி, கங்காணி என்று அடுக்கு இருந்தது. காய்ச்சல் என்றால் மருந்து கொடுக்க டிரெஸ்ஸர். தலைமுறையாக அப்படித்தான் வைத்திருந்தார்கள்; நாலு பேர் கூடித் தாமாக ஒரு முடிவெடுக்க விட்டதே இல்லை. ஜப்பான்காரன் வந்ததும் துரை சிங்கப்பூருக்கு ஓடினான். மற்ற அடுக்கும் சரிந்தது. மூன்று மாத வேலை, தினம் ஒரு வெள்ளி என்று ஆசைகாட்டியும் ஆள்பிடித்தும் கொண்டுபோனவர்களை ஆற்றங்கரையில் இறக்கிவிட்டால் என்ன ஆகும்? மேலே ஒரு முகாம் ஆற்றில் கழுவும், கீழே இன்னொரு முகாம் அதையே குடிக்கும். 1943 நடுவில் கைதிகளின் மருத்துவக் குழுக்களைக் கூலி முகாம்களுக்கு ஜப்பானியர்களே அனுப்பவேண்டி வந்தது. அதற்குள் ஏராளமானவர்கள் போய்விட்டார்கள்.

எங்கள் வீட்டிலும் பெரியப்பா முறையில் சயாம் போய் வந்தவர் ஒருவர் இருந்தார். கல்யாண வீட்டில் தண்ணீர் கொடுத்தால் டம்ளரைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். சுடவில்லையென்றால் திண்ணையில் வைத்துவிட்டு நடையைக் கட்டுவார். பிள்ளைகள் நாங்கள் வேண்டுமென்றே பச்சைத்தண்ணீர் கொண்டுபோய் நீட்டிச் சிரிப்போம். சயாமைப் பற்றி அவர் வாயிலிருந்து நான் கேட்டது ஒன்றுதான்: “தண்ணி மோசம்டா.” அதற்கு மேல் யாரும் அவரைக் கேட்கவும் இல்லை. உங்கள் தாத்தா பேசவில்லை என்று வருந்துகிறீர்கள். உட்காரவைத்து யாராவது கேட்டார்களா?

தாய்லாந்தின் காஞ்சனபுரியில் கைதிகளுக்கான போர்க் கல்லறையில் கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள், பெரும்பாலானவற்றில் பெயர் வெட்டியிருக்கிறது. சாகிறவனின் பெயரை ஜப்பான்காரனுக்குத் தெரியாமல் எழுதி ஒளித்துவைத்ததும் அதே பட்டாள ஒழுங்குதான். கூலிக்குப் பொதுக்குழி. எத்தனை பேர் என்று இன்றுவரை மதிப்பீடுதான் சொல்கிறோம்.

சரி, நாவல். எழுதுங்கள், எழுத வேண்டிய விஷயம்தான். சினிமா மாதிரி பாலத்தில் ஒரு கதாநாயகனை நிறுத்திக் குண்டு வெடிக்கவைக்காமல் இருந்தால் போதும். உங்கள் கடிதத்தில் அப்பத்தாவைப் பற்றி ஒரு வரி இல்லை, கவனித்தீர்களா? போர்க்காலத்தில், பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் மலாயாவுக்கு வந்துகொண்டிருந்த அரிசி அடியோடு குறைந்துவிட்டது. தோட்டத்துக் கூலிகள் குடியிருந்த லயத்தில் மரவள்ளிக் கிழங்கைத் தின்று, சாக்கைச் சுற்றிக்கொண்டு, ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டுக்கு ஒன்றும் கிடைக்காத நாட்களில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு கிடந்தவர் அவர். உங்கள் அப்பாவின் அண்ணனோ அக்காளோ அப்போது குழந்தையாக இருந்தவர்கள் இருந்தால் எண்பதைத் தாண்டியிருப்பார்கள். இந்த வாரமே போய்ப் பாருங்கள். சயாமைப் பற்றிக் கேட்க வேண்டாம். தாத்தா இல்லாத நாட்களில் உலையில் என்ன வெந்தது, யார் கடன் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். அப்புறம் எனக்கு எழுதுங்கள்.