5ஜி வந்தால் அம்புலன்ஸில் என்ன மாறும்?

ஒட்டுசுட்டானுக்கு அப்பால், முத்தையன்கட்டுப் பக்கமிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “அப்பா இருதய நோயாளி. எங்கள் வளவில் ஒரு மூலையில் நின்றால்தான் சிக்னல் வரும். 5ஜி வந்தால் அம்புலன்ஸில் வைத்தே யாழ்ப்பாணத்து டொக்டர் பார்ப்பாராம். உண்மையா? அதுவரை நாங்கள் என்ன செய்வது?”

உண்மைதான், பார்க்கலாம். ஆனால் நெஞ்சுவலிக்கு முதலில் வேண்டியது வீடியோ இல்லை, இருதயத் துடிப்பைப் பதியும் ஈசிஜி. அது சின்னப் படம். 4ஜியிலேயே நொடியில் போய்விடும். வண்டி ஆஸ்பத்திரிக்கு வருமுன் அது டொக்டரின் கையில் இருந்தால், இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து ஏற்றலாமா என்று முன்கூட்டியே முடிவெடுக்கலாம். அந்த மருந்தை வலி தொடங்கி 12 மணி நேரம் வரை ஏற்றலாம் என்றாலும், முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில் ஏற்றினால்தான் இருதயத் தசை நன்றாகத் தப்பும்.

5ஜியின் பெரிய பயன் நெரிசலில்தான் தெரியும். சனம் கூடும் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலன்று ஒரு கோல் எடுக்க எவ்வளவு பாடு! 5ஜியில் டவரின் கொள்ளளவில் ஒரு பங்கை அவசர சேவைக்கென்றே ஒதுக்கலாம். எத்தனை பேர் கூடினாலும் அந்தப் பங்கு அப்படியே இருக்கும். விபத்தில் வயிற்றுக்குள் இரத்தம் கசிகிறதா என்று வண்டியிலேயே ஸ்கான் செய்து, அந்தப் படத்தை ஓடும்போதே சத்திரசிகிச்சை நிபுணருக்குக் காட்டவும் 5ஜியின் வேகம் உதவும்.

ஆனால் எந்த அலைவரிசையில் வருகிறது என்பதுதான் வன்னிக்கு முக்கியம். 3.5 கிகாஹேர்ட்ஸ் 5ஜி வேகமானது, ஆனால் டவரிலிருந்து அதிக தூரம் போகாது, மரங்களும் அதை மறிக்கும். 700 மெகாஹேர்ட்ஸ் அவ்வளவு வேகமில்லை. காடு தாண்டி நெடுந்தூரம் போகும். மாங்குளம் - முல்லைத்தீவு வீதி முழுக்க அறுபடாத சிக்னல், வெள்ளத்தில் கரண்ட் போனாலும் தாங்கும் டவர் பற்றரி: என்னைக் கேட்டால், நகரத்து 5ஜிக்கு முன் நாம் கேட்க வேண்டியவை இவை.

சரி, இன்றைக்குச் செய்யக்கூடியது. போனின் ஜிபிஎஸ்ஸுக்கு டவர் தேவையில்லை. வீட்டு முற்றத்தில் நின்று மப்பில் உங்கள் இடத்துக்குத் தெரியும் இரண்டு எண்களையும் (அகலாங்கு, நெட்டாங்கு) எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். 1990 அம்புலன்ஸ் சேவை இலவசம், எடுத்ததும் அந்த எண்களையும், பக்கத்துக் கோயில் அல்லது சந்தியின் பெயரையும் சொல்லுங்கள். கோல் அறுந்து அறுந்து போனால், சிக்னல் நல்ல இடத்தில் இருக்கும் உறவினருக்கு எஸ்எம்எஸ் அனுப்பி, அவரை 1990க்கு எடுக்கச் சொல்லலாம். கோல் நிற்காத இடத்திலும் எஸ்எம்எஸ் பெரும்பாலும் போய்விடும். ஒருவர் ரோர்ச்சுடன் சந்தியில் நிற்கட்டும்.

அப்புறம், அப்பாவின் கிளினிக் கொப்பியையும் கடைசி ஈசிஜியையும் இன்றே போனில் படம் எடுத்து வையுங்கள். பழைய ஈசிஜி பக்கத்தில் இருந்தால், புதிதில் எது மாறியிருக்கிறது என்று டொக்டர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.