மடிக்கணினியில் இயங்கியது, இணையத்தில் ஏன் இயங்கவில்லை?

கேள்வி: எங்கள் கைத்தறிச் சாரன் கடைக்கு, பைத்தனில் இணையப் பக்கங்கள் செய்ய உதவும் ஃப்ளாஸ்க்கில் ஓர் ஓர்டர் பக்கம் செய்தேன். 127.0.0.1:5000 என்ற முகவரியைக் கொழும்பிலுள்ள நானாவுக்கு அனுப்பினேன். அவருக்குத் திறக்கவில்லை. (மருதமுனை)

பதில்: அந்த முகவரி, எந்தக் கணினியில் தட்டச்சு செய்கிறோமோ அந்தக் கணினியையே குறிக்கும். நானாவின் கணினி தன்னிடமே உங்கள் கடையைத் தேடிப் பார்த்துவிட்டுக் கைவிரித்திருக்கிறது. 192.168 என்று தொடங்கும் முகவரியும் வீட்டு வைஃபைக்குள் மட்டுமே செல்லும். எந்நேரமும் விழித்திருக்கும் வழங்கி (சேர்வர்) ஒன்றில் நிரலை ஏற்றுவதே வழி. ஜிட்ஹப் பேஜஸ் இதற்கு உதவாது. அது ஆயத்தமான பக்கங்களை எடுத்துக் கொடுக்குமேயன்றிப் பைத்தனை இயக்காது.

கேள்வி: ரெண்டர் என்ற வழங்கிச் சேவையில் ஏற்றினேன். முதலில் ஃப்ளாஸ்க்கையே காணவில்லை என்றது. அதைச் சரிசெய்தால், திறந்த போர்ட் (இணைப்புகள் நுழையும் எண்ணிட்ட வாசல்) எதுவும் இல்லை என்கிறது. (ஆரையம்பதி)

பதில்: உங்கள் மடிக்கணினியில் எப்போதோ நிறுவிவிட்டு மறந்துபோனவை பல இருக்கும், வழங்கியோ இன்னும் குடிபுகாத வீடு, நீங்கள் எழுதிக் கொடுத்த பட்டியலில் உள்ளதைத் தவிர அங்கே எதுவும் இராது. இரண்டாவது பிழைக்குக் காரணம், நிரல் 127.0.0.1இல் மட்டும் காது கொடுத்துக்கொண்டிருப்பது. வெளியிலிருந்து வருவதும் கேட்கும்படி அதை 0.0.0.0 என மாற்றி, போர்ட் எண்ணை நீங்களாக 5000 என்று எழுதாமல், வழங்கி தரும் சூழல் மாறியிலிருந்து (நிரலுக்கு வெளியே வைக்கப்படும் மதிப்பிலிருந்து) வாசிக்கச் செய்யுங்கள். ஃப்ளாஸ்க்கோடு வரும் வழங்கி பழகுவதற்கானது. வெளியே குனிகோர்ன் என்ற வழங்கி மென்பொருளைப் பயன்படுத்துங்கள். பிழை விவரங்களை ஒரு பக்கத்தில் காட்டும் டிபக் முறையையும் மறவாமல் நிறுத்துங்கள், ஏனெனில் அந்தப் பிழைப் பக்கத்தின் வழியாக வெளியார் உங்கள் வழங்கியில் கட்டளைகளை இயக்க இடமுண்டு.

கேள்வி: ரியூட்டரிக்கு வரவுப் பதிவேடு ஒன்று செய்து ரெண்டரின் இலவசத் திட்டத்தில் ஏற்றியிருக்கிறேன். சனிக்கிழமை பதிந்த பெயர்கள் ஞாயிற்றுக்கிழமை இல்லை. (கல்முனை)

பதில்: நீங்கள் எஸ்கியூலைட் பயன்படுத்தியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். அதன் தரவுத்தளம் முழுவதும் ஒரே கோப்பு. அந்த இலவசத் திட்டத்தில், 15 நிமிடம் எவரும் வராவிட்டால் நிரல் உறங்கிவிடும்; மறுபடி எழும்பும்போது நீங்கள் முதலில் ஏற்றிய நிலையிலிருந்தே எழும்பும், இடையில் எழுதப்பட்ட கோப்புகள் போய்விடும். சனி வகுப்பு முடிந்ததும் நடந்தது இதுதான். புதிய பதிப்பை ஏற்றும்போதும் இதே கதிதான். போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளத்தைத் தனியாக வைத்து இணைப்பது வழக்கமான தீர்வு. ஆனாலும் ஒரு ரியூட்டரிக்கு எஸ்கியூலைட் தாராளமாகப் போதும் என்பதே என் எண்ணம். கோப்புகள் நிலைத்து நிற்கும் பைத்தன்எனிவேர் போன்ற இடத்துக்கு மாறி, கிழமைக்கு ஒரு தடவை அந்தக் கோப்பைப் பிரதி எடுத்து வையுங்கள்.

கேள்வி: எங்கள் நெல் ஆலையில் அதிகாலை 4 மணிக்கு இறக்கிய மூட்டைகள் முதல் நாள் திகதியில் பதிவாகின்றன. (செங்கலடி)

பதில்: வழங்கியின் கடிகாரம் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் ஓடும், உங்கள் அதிகாலை 4 மணி, அதற்கு முதல் நாள் இரவு 10.30. காலை 5.30க்குப் பின் பதிபவர்களுக்குத் திகதி சரியாகவே விழுவதால், இந்தப் பிழை நெடுநாள் ஒளிந்திருக்கும். நேரத்தைப் பொது நேரத்திலேயே சேமித்து, திரையில் காட்டும்போது மட்டும் 'ஏசியா/கொலம்போ' வலயத்துக்கு மாற்றுங்கள். கையால் ஐந்தரை மணித்தியாலத்தைக் கூட்டாதீர்கள்: 1996இல் நம் நாட்டுக் கடிகாரம் முன்தள்ளப்பட்டு 2006இல்தான் பழைய நேரத்துக்குத் திரும்பியது, அந்தக் கணக்கெல்லாம் வலயத்தின் பெயருக்குள் அடங்கியிருக்கிறது.

கேள்வி: கடைச் சின்னம் வீட்டில் தெரிகிறது, இணையத்தில் தெரியவில்லை. (வாழைச்சேனை)

பதில்: கோப்பின் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை வீட்டு விண்டோஸ் பொருட்படுத்தாது, வழங்கிகளில் பெரும்பாலும் ஓடும் லினக்ஸ் விடாது.

கேள்வி: தரவுத்தளக் கடவுச்சொல்லோடு நிரலை, நிரல்களைச் சேமித்துப் பகிரும் ஜிட்ஹப்பில் போட்டுவிட்டேன். உடனே அழித்துவிட்டேன், போதுமா? (அக்கரைப்பற்று)

பதில்: போதாது. அழித்த வரி, பழைய பதிப்புகளின் வரலாற்றில் அப்படியே கிடக்கும். இன்றே கடவுச்சொல்லை மாற்றிவிட்டு, புதியதை நிரலுக்குள் எழுதாமல் வழங்கியின் சூழல் மாறியில் வையுங்கள்.