அடைப்புக்குறிக்கு முன்னால் மைனஸ்: எங்கே தப்பு வருகிறது?

உங்கள் பெண் போட்ட கணக்கை அனுப்பி, எங்கே தப்பு என்று கேட்டிருந்தீர்கள். தப்பு இரண்டாவது வரியில் இருக்கிறது. 5 − 2(எக்ஸ் − 3) = 1 என்பதை உங்கள் பெண் 5 − 2எக்ஸ் − 6 = 1 என்று விரித்திருக்கிறாள். அங்கே + 6 வர வேண்டும். விடை 5, அவளுக்கு வந்த −1 இல்லை.

மைனஸை எக்ஸுக்கு மட்டும் கொடுத்துவிட்டு, 3-ஐ வெறும் 2-ஆல் பெருக்கியிருப்பாள். எட்டாம் வகுப்பில் இது சகஜம். விதியைத் திரும்பத் திரும்பச் சொன்னால் ஏறாது. 50 ரூபாய் கொடுத்து மஞ்சக்குப்பம் கடைக்கு அனுப்புவதாக வைத்துக்கொள்ளுங்கள்: 20 ரூபாய் சாமான், 3 ரூபாய் தள்ளுபடி. 50 − (20 − 3). மீதி 27 என்று கடைக்காரர் நீட்டினால் சும்மா வருவாளா? 33 கேட்டு வாங்குவாள். அதை அப்படியே 50 − 20 + 3 என்று எழுதச் சொல்லுங்கள்.

அப்புறம் 5 − 2(எக்ஸ் + 3) = 1 கொடுத்துப் பாருங்கள். இதற்குத்தான் −1 விடை. இது சரியாக வந்தால் குறிதான் சிக்கல்; தினம் நாலைந்து கணக்கு போதும். ஆனால் விடையை முதல் வரியில் போட்டுப் பார்க்காமல் நோட்டை மூடவிடாதீர்கள். பழைய கணக்கில் −1 போட்டால் 13 வரும், 1 வராது. அவளே பிடித்துவிடுவாள்.

ஒருவேளை 5 − 2-ஐ முதலில் கழித்து 3(எக்ஸ் + 3) என்று எழுதினால் கதை வேறு: பெருக்குவதற்கு முன்னாலேயே கழித்துவிடுகிறாள். எக்ஸை ஓரமாக வைத்துவிட்டு, 5 − 2 × 4 மாதிரி வெறும் எண்களில் முதலில் பழக்குங்கள்.