அந்தக் காலத்துப் பாராசூட்டுகளைப் பற்றி மூத்த ஸ்கைடைவர்கள் இவ்வளவு பாசமாகப் பேசுவது ஏன்?

இன்றைய பாராசூட் எடை குறைந்தது, பாதுகாப்பானது, நினைத்த இடத்தில் மெதுவாக இறக்கிவிடும். அப்படியிருக்க, விமானத்திலிருந்து விளையாட்டாகப் பாராசூட்டில் குதிக்கும் எழுபது எண்பது வயது ஸ்கைடைவர்கள் கணுக்காலை உடைத்த பழைய வட்டப் பாராசூட்டுகளைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இதற்கு 'இளமை ஏக்கம்' என்றுதான் பதில் வரும். எனக்கு அந்தப் பதில் போதவில்லை.

நான் வேலைக்காக அமெரிக்கா போய் மாசசூசெட்ஸில் பத்து வருடத்துக்கு மேல் இருந்தவன். அங்கேதான் குதிக்கக் கற்றுக்கொண்டேன். 400 தடவைக்கு மேல் குதித்தாயிற்று. பிறகு ரிக்கர் உரிமமும் வாங்கினேன். குதிப்பவர் முதுகில் இரண்டு பாராசூட் இருக்கும். முதலாவதை அவரே மடித்துக்கொள்ளலாம். இரண்டாவதான ரிசர்வை உரிமம் பெற்ற ரிக்கர்தான் பரிசோதித்து, மடித்து, சிவப்பு நூலில் ஈய முத்திரை வைத்துத் தர வேண்டும். ரிக்கரின் நீண்ட மேசை இருக்கும் அறைக்கு வருகிறவர்கள் சீக்கிரம் எழுந்து போக மாட்டார்கள். எனக்குத் தெரிந்த பழைய கதையெல்லாம் அந்த மேசையில் கேட்டவை.

முதலில் என் கதை ஒன்று. என்னுடைய 87வது குதிப்பு. நாலாயிரம் அடியில் பாராசூட்டைத் திறந்தேன். கயிறுகள் முறுக்கிக்கொண்டன, துணி ஒரு பக்கமாகச் சாய்ந்து என்னைச் சுழற்ற ஆரம்பித்தது. கால்கள் பக்கவாட்டில் வீசிப் போயின. காலை உதைத்து முறுக்கைப் பிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. வலது பக்க மார்பில் இருந்த சிவப்புப் பிடியைப் பிடுங்கினேன். ஒரு நொடி எல்லாம் அமைதி. இடது பக்கத்து உலோகப் பிடியை இழுத்தேன். ரிசர்வ் விரிந்தது. அவ்வளவுதான். இரண்டு கை அசைவில் உயிரோடு தரைக்கு வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் ஒரு பெரியவர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். 1960களில் குதிக்கத் தொடங்கியவர். பையிலிருந்து உள்ளங்கை அளவு இரும்புச் சாமான் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். கேப்வெல் என்று சொன்னார். குளிர்ந்து கனமாக இருந்தது. அந்தக் காலத்தில் பாராசூட் கயிறுகளையும் உடம்பில் மாட்டும் சேணத்தையும் இணைத்தது இதுதான், தோளுக்கு ஒன்று. ராணுவக்காரர் தரையிறங்கிய பிறகு காற்று துணியை இழுத்துக்கொண்டு போகாமல் கழற்றிவிடுவதற்காகச் செய்தது. வானத்தில் கழற்றும் யோசனையே செய்தவர்களுக்கு இருந்ததில்லை.

"இப்போது கழற்று பார்க்கலாம்" என்றார். மேல் மூடியை விரலால் கீழே தள்ளித் திறக்க வேண்டும். உள்ளே ஒரு கம்பி வளையம். கட்டைவிரலை அதற்குள் மாட்டிப் பலமாக இழுக்க வேண்டும். மேசையில் உட்கார்ந்து நிதானமாகச் செய்தும் எனக்கு இரண்டு முறை வழுக்கியது. அவர்கள் இதைச் சுழன்றுகொண்டே, கையுறை போட்ட கைகளால், இரண்டு தோளிலும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கழன்றால் மற்றத் தோளில் தொங்கும் துணி ரிசர்வோடு பின்னிக்கொள்ளும். அதோடு வேலை முடியாது. ரிசர்வ் அப்போது வயிற்றின் மேல் இருந்தது. பலருடையதில் அதை வெளியே இழுத்துப் போகும் குட்டிப் பாராசூட் கிடையாது. மடிப்பைக் கையால் அணைத்துப் பிடித்து, சுழலும் திசை பார்த்து வெளியே எறிய வேண்டும். புதியவர்களுக்கு 'கழற்றவே கழற்றாதே, கெட்டுப்போனதன் பக்கத்திலேயே ரிசர்வை எறி' என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள்.

என்னைக் காப்பாற்றிய சிவப்புப் பிடியோ இந்தக் கேப்வெல் இல்லாத ஏற்பாடு. மூன்று வளையங்கள், ஒன்றுக்குள் ஒன்று மடங்கி, கடைசியில் சின்ன நூல் கண்ணி ஒன்றில் நிற்கும். ஒவ்வொரு வளையமும் நெம்புகோல் மாதிரி பாரத்தைக் குறைத்துக் குறைத்துக் கொண்டுவருவதால், மனிதன் முழு எடையோடு தொங்கினாலும் அந்த நூலில் வருவது கொஞ்சம் பாரம்தான். நூலைப் பிடித்திருக்கும் மஞ்சள் கம்பியை உருவினால் இரண்டு தோளும் ஒன்றாக விட்டுவிடும். 1970களின் நடுவில் இதைக் கண்டுபிடித்தவர் பில் பூத், அவரும் குதிக்கிறவர். அந்தப் பெரியவர் இதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்ததைத்தான் உங்கள் கேள்விக்குப் பதிலாக நினைக்கிறேன். பெரிய தொழிற்சாலையின் பொருளைப் பற்றிப் பேசும் குரல் இல்லை அது. 'நம்ம ஆள் ஒருத்தன் செய்தான்' என்கிற குரல்.

அந்தத் தலைமுறை பாராசூட்டை வாங்கவில்லை, கிட்டத்தட்டச் செய்துகொண்டது. 1959இல் மாசசூசெட்ஸில் ஆரஞ்சு என்ற சின்ன ஊரில் ஜாக் ஆந்த்ரே இஸ்டல் பொழுதுபோக்காகக் குதிக்க நினைப்பவர்களுக்கு ஒரு பயிற்சி மையம் திறந்தார். அமெரிக்காவில் வணிக ரீதியில் அதுதான் முதல். 1962இல் உலகப் போட்டியே அந்த ஊரில் நடந்தது. ஆனால் குதிக்க வந்தவர்களுக்குக் கிடைத்தது ராணுவம் கழித்துப்போட்ட உபரிச் சாமான்தான். சி-9 என்ற விமானிகளின் உயிர்காப்புப் பாராசூட் அதில் பிரபலம். 28 அடி விட்டம், 28 துணித் துண்டுகள், 28 கயிறுகள். அப்படியே போட்டுக் குதித்தால் காற்று எங்கே தள்ளுகிறதோ அங்கேதான் இறங்க முடியும், மரமோ மின்கம்பியோ.

அதனால் துணியைச் சமையலறைத் தரையில் விரித்து, பின்பக்கத்துத் துண்டுகளில் ஆங்கில டி, யு எழுத்து வடிவத்தில் ஓட்டை வெட்டினார்கள். அந்த வழியாகக் காற்று பின்னால் வெளியேறும், பாராசூட் முன்னால் நகரும். ஓட்டையின் இரு பக்கத்திலும் கயிறு கட்டினால் திருப்பலாம். நைலானைச் சும்மா வெட்டினால் ஓரம் பிரிந்து வரும் என்று சூடாக்கிய கத்தியால் வெட்டுவார்களாம். வீட்டுத் தையல் மெஷினிலேயே சிலர் ஓரம் அடித்திருக்கிறார்கள். சனிக்கிழமை காலையில் அதே துணியில் உயிரைத் தொங்கவிட்டார்கள்! உங்களில் யாருக்காவது தையல் தெரியும் என்றால் யோசித்துப் பாருங்கள், நீங்கள் அடித்த தையலை நம்பி விமானத்திலிருந்து காலை வெளியே வைப்பதை.

பிறகு எல்லாம் வேகமாக மாறியது. பிரெஞ்சுக்காரர் பியர் லெமுவான் உருவாக்கிய வடிவத்தை வைத்து 1960களின் நடுவில் பாரா கமாண்டர் வந்தது. பெரிசுகள் 'பி.சி.' என்று சொன்னால் கணினி என்று நினைக்காதீர்கள், இதுதான். முழுக்க வெட்டும் துவாரமுமாக இருந்தாலும் அது இன்னும் வட்டம்தான். இன்றைய சதுரப் பாராசூட் வந்தது வேறு வழியில். பட்டமும் பலூனும் செய்துகொண்டிருந்த டொமினா ஜால்பர்ட் 1964இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த வடிவத்தில் துணி அறை அறையாக இருக்கும். முன்பக்கம் திறந்து, பின்பக்கம் மூடியிருக்கும். காற்று நுழைந்து உப்பினால் துணியே விமான இறக்கை ஆகிவிடும். ஆரம்பத்தில் அது திறக்கும் அடியில் உடம்பே குலுங்கிப் போகுமாம். அதற்குத் தீர்வாக வந்தது ஸ்லைடர், நான்கு மூலையிலும் வளையம் வைத்த ஒரு செவ்வகத் துணி. கயிறுகள் அந்த வளையங்கள் வழியாகப் போகும். காற்று அதை மேலே தள்ள, கயிறுகள் அதைக் கீழே தள்ள, அந்த இழுபறியில் பாராசூட் நிதானமாக விரியும். எத்தனையோ முறை மடித்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் அந்தத் துணித் துண்டைக் கையில் எடுக்கும்போது எனக்கு வியப்பு தீராது.

கருவி ஒரு பாதி என்றால் கூட்டம் இன்னொரு பாதி. இன்று எங்கே குதிக்க வேண்டும் என்று ஜி.பி.எஸ். பார்த்து விமானி பச்சை விளக்குப் போடுவார். அன்று காற்றைப் பார்க்க இருபது அடி நீளக் க்ரேப் காகிதப் பட்டையை, நுனியில் கொஞ்சம் கனம் வைத்து, மேலிருந்து போடுவார்கள். அது எங்கே போய் விழுகிறது என்று பார்த்து, அதே தூரம் எதிர்ப்பக்கம் தள்ளிக் குதிக்க வேண்டும். அனுபவசாலி ஒருவர் விமானத் தரையில் குப்புறப் படுத்து, கதவுக்கு வெளியே தலையை நீட்டி, 'இடது ஐந்து, வலது ஐந்து' என்று எத்தனை டிகிரி திரும்ப வேண்டும் என்பதை விமானிக்குக் கத்துவார். பின்னால் இருக்கும் அத்தனை பேரும் அந்த ஒருவர் கண்ணை நம்பி வரிசையில் வெளியேறுவார்கள். தப்பாகச் சொன்னால் எல்லோரும் சேர்ந்து சோளக்காட்டில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

தப்பு எப்போதும் சோளக்காட்டோடு போனதில்லை. 1967 ஆகஸ்ட் 27 அன்று ஒஹாயோவில் ஒரு பழைய பி-25 குண்டுவீச்சு விமானத்திலிருந்து, 20,000 அடியில், மேகத்துக்கு மேலே 18 பேர் குதித்தார்கள். தரைக் கட்டுப்பாட்டில் ரேடார் திரையில் வேறொரு விமானத்தை இவர்கள் என்று நினைத்து இடம் சொல்லிவிட்டார்கள். மேகத்தைத் தாண்டிக் கீழே வந்தபோது தெரிந்தது ஈரி ஏரி. 16 பேர் மூழ்கி இறந்தார்கள். என் மேசைக்கு வரும் பெரியவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டே இருப்பார்கள், இந்தப் பேச்சு வந்தால் மட்டும் யாராவது எழுந்து காபி எடுக்கப் போய்விடுவார்.

சந்தோஷமான கணக்கும் அதே ஆண்டுகளில்தான். 1965 அக்டோபர் 17 அன்று கலிபோர்னியாவின் ஆர்வினில் எட்டுப் பேர் முதன்முறையாக வானத்தில் கைகோத்து வட்டமாக விழுந்தார்கள். அந்தக் கூட்டத்தைப் படமெடுத்துக்கொண்டிருந்த பாப் புகோர் அடுத்த ஆண்டே ஒரு படப்பிடிப்பில் கடலில் இறங்கி மூழ்கிப்போனார். அவர் நினைவாக, எட்டுப் பேர் வட்டத்தில் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் ஸ்டார் க்ரெஸ்ட் என்று எண் போட்டு ஒரு சின்னம் தர ஆரம்பித்தார்கள். ஐம்பது வருடம் கழித்தும் தன் எண்ணைப் பிறந்தநாள் மாதிரி சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இதற்காக அந்தக் காலமே மேல் என்று நான் சொல்ல மாட்டேன். 1970களில் அமெரிக்காவில் ஆண்டுக்குச் சராசரியாக நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இந்த விளையாட்டில் இறந்தார்கள். 2023இல் 10 பேர், அதுவும் பல லட்சம் குதிப்புகளில். 1991இல் ஜெர்மனியின் ஹெல்முட் க்ளோத் கொண்டுவந்த சைப்ரஸ் கருவி ஒன்றே எத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கிறது. மயங்கிப் போனாலும் சுமார் 225 மீட்டர் உயரத்தில் அது தானே ரிசர்வின் கண்ணியை வெட்டித் திறந்துவிடும். க்ளோத் தன் நண்பர் இறந்த பிறகுதான் அந்த வேலையில் இறங்கினார். இப்போது புரிகிறதா? இன்று நான் மாட்டும் சேணத்தில் எந்தப் பகுதியைத் தொட்டாலும், அதற்குப் பின்னால் பெரியவர்களுக்குப் பழக்கமான ஒரு முகம் இருக்கிறது. ஒன்று அதைக் கண்டுபிடித்தவர், இல்லையென்றால் அது இல்லாமல் போய்ச்சேர்ந்தவர். நமக்குக் கருவி. அவர்களுக்கு உறவுக்காரர்களின் வரிசை. அப்புறம் எப்படிப் பேசாமல் இருப்பார்கள்?

ரிசர்வ் திறந்து பிழைத்தவர், அதை மடித்த ரிக்கருக்கு ஒரு பாட்டில் வாங்கித் தர வேண்டும் என்பது வழக்கம். அந்த வழக்கம் வட்டப் பாராசூட் காலத்திலிருந்து வருகிறது. என் 87வது குதிப்புக்கு அடுத்த வாரம் நானும் ஒன்று வாங்கிப் போனேன். என் ரிசர்வை மடித்த அம்மா பாட்டிலை ஓரமாக வைத்துவிட்டு, முதலில் ரிசர்வின் அட்டையைக் கேட்டார். ஒவ்வொரு தடவை மடிக்கும்போதும் ரிக்கர் தேதி போட்டுக் கையெழுத்திடும் அட்டை அது, பாராசூட்டோடேயே இருக்கும். தன் கையெழுத்தின் பக்கத்தில் 'பயன்பட்டது' என்று எழுதிக் கொடுத்தார். நான் ரிக்கர் ஆக வேண்டும் என்று நினைத்தது அந்த நிமிடம்தான்.

கேப்வெல்லைக் காட்டிய பெரியவர் எண்பதை நெருங்கியபோதும் குதித்துக்கொண்டிருந்தார், சதுரப் பாராசூட்டில். எழுபது தாண்டியவர்களுக்குத் தனிக் குழுவே உண்டு. நான் ஊர் திரும்புவதற்கு முந்தைய கோடையில் தன் ரிசர்வை என்னிடம்தான் கொடுத்தார். துணியைக் கயிறு கயிறாகப் பார்த்து மடித்து, முத்திரை வைத்துவிட்டு அட்டையை எடுத்தால் அதில் இடமே இல்லை. நாலு வேறு வேறு கையெழுத்துகள். அதில் இரண்டு பேர் இப்போது இல்லை என்று சொன்னார். புது அட்டையில் முதல் வரியில் நான் கையெழுத்துப் போட்டேன். பழையதைக் குப்பையில் போடவா என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. அவரே வாங்கி, கேப்வெல் இருந்த அதே பையில் வைத்துக்கொண்டு, அடுத்த விமானத்துக்குப் பேர் கொடுக்கப் போனார்.