பைக், மூக்குக்கண்ணாடி, கான்டாக்ட் லென்ஸ்: நம்மவர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

பர்மாவில், மோல்மேன் நகரில் ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது என் வேலை. கடைக்குப் போக வர பைக்தான். கண்ணாடி போட்டுக்கொண்டு பைக் ஓட்டுவதைப் பற்றி எதுவானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், தட்டோன், பெகு, மண்டலை, மேமியோ என்று பல ஊர்களிலிருந்தும் கேட்டிருக்கிறீர்கள். ரங்கூன் நகருக்குள் 2003 முதல் பைக்குக்குத் தடை என்பதால் அங்கிருந்து கேள்வி குறைவு. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. கண்ணில் வலி, சிவப்பு, மங்கல் என்றால் நேரே கண் டாக்டரிடம் போய்விடுங்கள்.

கேள்வி (தட்டோன்): அண்ணே, புதுசாக முழு ஹெல்மெட் வாங்கினேன். கண்ணாடியோடு மாட்டினால் காதுக்கு மேலே அழுத்தி அரை மணி நேரத்தில் தலைவலி வந்துவிடுகிறது. ஒரு சைஸ் பெரிதாக மாற்றிக்கொள்ளலாமா?

வேண்டாம் தம்பி. ஹெல்மெட் கன்னத்தைப் பிடித்தமாதிரி இருந்தால்தான் விழுந்தால் தலையில் நிற்கும், தொளதொள என்றிருந்தால் கழன்று போகும். மாற்ற வேண்டியது கண்ணாடியின் காதுப்பிடியைத்தான். அகலமான பிளாஸ்டிக் பிடியும், காதைச் சுற்றி வளைந்து பிடிக்கிற பிடியும் ஹெல்மெட்டுக்கு ஆகாது. மெல்லிசாக, தட்டையாக, நேராகப் போகிற உலோகப் பிடியாகப் பாருங்கள். இருக்கிற ஃபிரேமின் நுனி வளைந்திருந்தால் கடையில் சூடு காட்டிக் கொஞ்சம் நிமிர்த்தித் தருவார்கள். அப்புறம் வரிசை முக்கியம்: முதலில் ஹெல்மெட், பிறகு வைசரை (முகத்துக்கு முன்னால் இருக்கும் ஒளிபுகும் மூடியை) தூக்கிக் கண்ணாடியை நேராக உள்ளே நுழைப்பது. கழற்றும்போது முதலில் கண்ணாடி. சில ஹெல்மெட்டில் கன்னத்து மெத்தையில் காதுப்பிடிக்கென்றே ஒரு வாய்க்கால் விட்டிருப்பார்கள், அடுத்த முறை வாங்கும்போது உங்கள் கண்ணாடியையும் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்து வாங்குங்கள். தாடைப் பகுதி மேலே தூக்கும் ஹெல்மெட் என்றால் கண்ணாடியைக் கழற்றாமலேயே மாட்டலாம்.

இடம் போதவில்லை என்று உள்ளே இருக்கும் வெள்ளைத் தெர்மோகோலை மட்டும் யாரும் சுரண்டாதீர்கள். நசுங்கி அடியை வாங்கிக்கொள்வதே அதுதான்.

கேள்வி (மோல்மேன், ஒரு அக்கா): மகன் வைசரைத் திறந்துவிட்டே ஓட்டுகிறான். கேட்டால் "கண்ணாடி போட்டிருக்கேனே, கண்ணுக்குள்ள ஒண்ணும் போகாது" என்கிறான். சரிதானா தம்பி?

சரியில்லை அக்கா. இந்தக் கேள்விக்காகவே நான் இதையெல்லாம் எழுத உட்கார்ந்தேன் என்று கூடச் சொல்லலாம். பவர் கண்ணாடி பார்ப்பதற்கு, வைசர் காப்பதற்கு, ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. மூக்குக்கண்ணாடிக்கு மேலும் கீழும் பக்கத்திலும் திறந்த இடம் இருக்கிறது. காற்று அதன் வழியாகச் சுழன்று தூசியையும் பூச்சியையும் கண்ணுக்கே கொண்டுவந்து சேர்க்கும். லாரி டயரிலிருந்து தெறிக்கும் கல் லென்ஸிலேயே பட்டால் என்ன ஆகும் என்பது லென்ஸ் எதனால் செய்தது என்பதைப் பொறுத்தது.

மகன் போட்டிருப்பது பழைய கனமான நிஜக் கண்ணாடி லென்ஸ் என்றால் உடனே மாற்றச் சொல்லுங்கள், உடைந்தால் சில்லு கண்ணுக்குள் போகும். சாதாரணப் பிளாஸ்டிக் லென்ஸ் அதைவிட மேல். பைக்குக்கு நான் சொல்வது பாலிகார்பனேட். அடி தாங்கும், லேசாக இருக்கும், புற ஊதாக் கதிரையும் தடுக்கும். அதன் குறை, சீக்கிரம் கீறல் விழும், பவர் அதிகமானால் ஓரத்தில் லேசாக வண்ணம் பிரிந்து தெரியும். அப்படியிருந்தும் என் கண்ணில் இருப்பது அதுதான். ஆனால் எந்த லென்ஸாக இருந்தாலும் வைசர் மூடியிருக்க வேண்டும். வைசரே இல்லாத அரை ஹெல்மெட் என்றால் கண்ணாடிக்கு மேலேயே மாட்டுகிற அகலமான காகிள்ஸ் கிடைக்கிறது, அதையாவது வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி (மேமியோ): டிசம்பர் காலையில் கண்ணாடியும் வைசரும் சேர்ந்து பனி படிந்து ஒன்றும் தெரிவதில்லை. என்ன செய்யலாம்?

மேமியோவில் குளிர், எங்கள் ஊரில் மழை. மோல்மேனில் வருஷத்துக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும், அதனால் இந்தத் தொல்லையை நன்றாகவே அறிவேன். மூச்சில் வரும் ஈரக்காற்று குளிர்ந்த லென்ஸில் பட்டுப் பொடிப்பொடித் துளியாக ஒட்டிக்கொள்வதுதான் காரணம். ஆகவே மூச்சு மேலே ஏறாமல் பார்ப்பது, காற்றை ஓடவிடுவது, துளி கட்டாமல் செய்வது, இந்த மூன்றையும் சேர்த்துச் செய்ய வேண்டும்.

மூக்கை மறைத்துத் துண்டு கட்டினால் மூச்சு முழுவதும் மேலே கண்ணாடிக்குத்தான் போகும். மாஸ்க் போட்டால் மூக்குத்தண்டில் கம்பியை நன்றாக அழுத்திவிடுங்கள். ஹெல்மெட்டுக்குள் மூக்குக்குக் கீழே பொருத்தும் ரப்பர் தடுப்பு இருந்தால் கழற்றாதீர்கள். தாடைக் காற்றுத் துளையைத் திறந்து வையுங்கள், வைசரை ஒரு பல் மட்டும் தூக்குங்கள், சிக்னலில் நிற்பதற்கு முன்னாலேயே தூக்கிவிடுங்கள், படிந்த பிறகு தூக்கினால் காய நேரமாகும். கண்ணாடி முகத்தோடு ஒட்டி உட்கார்ந்தாலும் பனி பிடிக்கும். மூக்குப் பட்டையைச் சற்றே வளைத்து லென்ஸை ஒரு நூல் முன்னால் தள்ளித் தரச் சொல்லிக் கடையில் கேளுங்கள்.

துளி கட்டாமலிருக்க விலை உயர்ந்த ஸ்பிரே கட்டாயமில்லை. பாத்திரம் கழுவும் திரவ சோப்பு ஒரு சொட்டு, விரலால் இரண்டு பக்கமும் தேய்த்து, மென்மையான துணியால் லேசாகத் துடைத்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாத படலம் நிற்கும், அதன்மேல் ஈரம் துளியாகாமல் பரவிவிடும். ஒரு நாளைக்கு வரும். துணி சோப்புத் தூள், பற்பசை வேண்டவே வேண்டாம், கோட்டிங் போய்விடும். வைசரின் உள்பக்கம் இரண்டு ஓரத்திலும் சிறு முளைகள் இருந்தால் அதில் பின்லாக் தகடு மாட்டலாம், இரண்டு தகட்டுக்கு நடுவே காற்று அடைபட்டு நிற்பதால் வைசரில் பனி படியாது. ஆனால் அது வைசருக்கு மட்டுந்தான், மூக்குக்கண்ணாடிக்கு மேலே சொன்னதையெல்லாம் செய்தே ஆக வேண்டும்.

கைலி நுனியால் துடைக்கிற பழக்கத்தையும் இதோடு விட்டுவிடுங்கள். தூசியோடு துடைத்தால் அந்தத் தூசியே அரம்போல லென்ஸை அறுக்கும். முதலில் தண்ணீர், பிறகு துணி.

கேள்வி (மண்டலை, கல்லூரித் தங்கச்சி): அண்ணா, நான் கான்டாக்ட் லென்ஸ். தூசியும் வெயிலுமாக இருக்கிற ஊரில் தினமும் பைக்கில் போகிறேன். கண்ணாடிக்கே திரும்பிவிடவா?

திரும்பத்தான் வேண்டும் என்றில்லை. பைக்கில் கான்டாக்ட் லென்ஸுக்கு நிஜமான வசதி இருக்கிறது: பக்கவாட்டில் ஃபிரேம் மறைக்காது, பனி படியாது, ஹெல்மெட் அழுத்தாது, திரும்பிப் பார்க்கும்போது ஓரப் பார்வையும் தெளிவாக இருக்கும். பிரச்சினை வறட்சி. காற்று கண்ணீரை உலர்த்திவிடும், ரோட்டையே உற்றுப் பார்க்கும்போது நாம் இமைப்பதும் குறைந்துவிடும், லென்ஸ் காய்ந்து மங்கலாகி நகரும். எனவே கான்டாக்ட் லென்ஸ் போட்டால் முழு வைசர் மூடியே இருக்க வேண்டும், இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

முடிந்தால் ஒருநாள் போட்டு எறியும் மென்லென்ஸ் வாங்குங்கள். மண்டலைத் தூசிக்கு அதுதான் பொருத்தம். கெட்டி லென்ஸ் போடுகிறவர்களுக்கு அடியில் ஒரு துகள் போனாலும் உயிர் போகிற வலி, ஓட்டிக்கொண்டிருக்கும்போது அது ஆபத்து. சொட்டு மருந்து வைத்துக்கொள்ளலாம், ஆனால் கான்டாக்ட் லென்ஸோடு போடலாம் என்று எழுதியிருப்பதாக இருக்கட்டும். பையில் ஒரு மூக்குக்கண்ணாடி எப்போதும் இருக்கட்டும், லென்ஸைக் கழற்ற நேர்ந்தால் அரைப் பார்வையோடு வீட்டுக்கு ஓட்டிவர வேண்டியிருக்காது. தூசி போய்விட்டால் ஓரமாக நிறுத்துங்கள், கண்ணைக் கசக்க வேண்டாம், கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் கழற்றுங்கள். செயினைத் தொட்ட கையால் லென்ஸைத் தொடவே கூடாது. சொல்யூஷன் தீர்ந்துவிட்டது என்று குழாய்த் தண்ணீரில் அலசுவது, வாயில் போட்டு எடுப்பது இரண்டும் கண்ணைக் கெடுக்கும்.

முகத்தில் தனக்கா (மரப்பட்டையை அரைத்த சாந்து) பூசுகிறவர் என்றால் லென்ஸை முதலில் போட்டுவிட்டுப் பிறகு பூசுங்கள். காய்ந்து உதிரும் பொடி கண்ணோரத்தில் விழாமல் கொஞ்சம் இடைவெளி விட்டுப் பூசினால் போதும். பவர் பார்க்காமல் விற்கும் கலர் லென்ஸைப் பக்கத்தில் சேர்க்காதீர்கள்.

அதே தங்கச்சி: அப்போ திஞ்ஜானுக்கு?

ஏப்ரலில் தண்ணீர்த் திருவிழா நடக்கும் நாட்களில் கான்டாக்ட் லென்ஸ் வேண்டாம். மண்டலையில் அரண்மனை அகழித் தண்ணீரையே பைப் வைத்து அடிக்கிறார்கள். குளம், அகழி, குழாய் எந்தத் தண்ணீரிலும் அகந்தமீபா என்ற நுண்ணுயிர் இருக்கலாம். லென்ஸுக்கும் கண்ணுக்கும் நடுவே அது மாட்டிக்கொண்டால் கருவிழியில் புண்ணாகும், அரிதுதான், ஆனால் வந்தால் மாதக்கணக்கில் வைத்தியம், பார்வையே போனவர்களும் உண்டு. அந்த நாட்களில் பழைய மூக்குக்கண்ணாடியும் மூடிய வைசருமாகப் போங்கள். பைக் ஓட்டுகிறவர் முகத்தில் வாளித் தண்ணீரை வீசுவதை நம் பிள்ளைகள் செய்யாமல் பார்த்துக்கொள்வதும் நம் பொறுப்பு.

கேள்வி (பெகு, ஒரு ஐயா): எனக்கு வயது ஐம்பத்தெட்டு. கோடு இல்லாத புரோகிரசிவ் போட்டிருக்கிறேன். ஓட்டும்போது பைக்கின் பக்கக் கண்ணாடியில் பின்னால் வருவது கோணலாகத் தெரிகிறது.

ஐயா, புரோகிரசிவில் தூரத்துப் பார்வை மேல் நடுவில், படிக்கிற பவர் கீழே, இரண்டு பக்கமும் உருவம் வளையும். நீங்கள் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓட்டிப் பக்கக் கண்ணாடியைப் பார்க்கிறீர்கள், அதனால் கோணல். கீழே குனிந்து சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் குழியைப் பார்த்தாலும் படிக்கிற பவர் வழியாகப் பார்ப்பதால் மங்கும், கால் ஊன்றும் இடத்தின் உயரமும் ஏமாற்றும். பைக்குக்கென்று தூரப் பவர் மட்டும் போட்ட தனிக் கண்ணாடி ஒன்று செய்துகொள்ளுங்கள். மீட்டர் எழுத்து சற்று மங்கலாக இருக்கலாம், முள் நிற்கும் இடம் தெரிந்தால் போதும்.

கேள்வி (தவுங்கூ): ராத்திரியில் எதிரே வரும் கார் வெளிச்சம் கண்ணைக் கொல்கிறது. மஞ்சள் கண்ணாடி போடலாமா?

வேண்டாம். மஞ்சள் லென்ஸ் வெளிச்சத்தைக் கூட்டாது, குறைக்கத்தான் செய்யும். 2019-இல் அமெரிக்காவில் சிமுலேட்டரில் ஓட்டவைத்துப் பார்த்தார்கள், இரவில் நடந்துபோகிறவர்களைக் கண்டுபிடிக்க அது உதவவில்லை.

நம் நாட்டில் கூசுவதற்குத் தனிக் காரணமும் உண்டு. 1970-லிருந்து நாம் வலப்பக்கம் ஓட்டுகிறோம், ஆனால் ரோட்டில் இருப்பவை பெரும்பாலும் இடப்பக்கம் ஓட்டும் ஜப்பானுக்காகச் செய்த பழைய கார்கள். அவற்றின் விளக்கு இடது ஓரத்தைக் காட்டச் சற்றே மேல்நோக்கி அடிக்கும். இங்கே அந்த இடது பக்கத்தில்தான் எதிரே நாம் வருகிறோம். அதை நாம் மாற்ற முடியாது. நம் பக்கத்தில் செய்யக்கூடியது: வைசரில் கீறல் இருந்தால் மாற்றுங்கள், ஒவ்வொரு கீறலும் வெளிச்சத்தைச் சிதறடிக்கும். லென்ஸுக்கு எதிரொளி தடுக்கும் கோட்டிங் போடுங்கள். உருளைப் பவர் (சிலிண்டர் பவர்) சிறிதாக இருக்கிறது என்று போடாமல் விட்டிருந்தால் சேர்த்துப் போடுங்கள், விளக்கு நட்சத்திரமாகச் சிதறுவது நிறையப் பேருக்கு அதனால்தான். கண்ணை வெளிச்சத்தில் வைக்காமல் வலது ஓரத்தில் வைத்து வேகத்தைக் குறையுங்கள். ஐம்பது தாண்டியவர் என்றால் கண்புரையும் பார்க்க வேண்டும்.

கேள்வி (மண்டலை): வெயிலில் தானாகக் கறுக்கும் லென்ஸ் போட்டேன், ஹெல்மெட்டுக்குள் கறுக்கவே இல்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

இல்லை. அந்த லென்ஸ் புற ஊதாக் கதிர் பட்டால்தான் கறுக்கும், வைசரே அதைப் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. கடும் சூட்டில் முழுதாகக் கறுக்கவும் செய்யாது. பகலில் ஓட்டுவதற்குப் பார்வை கெடாத அளவு சாயமுள்ள பவர் கண்ணாடி ஒன்று வைத்துக்கொண்டு பொழுது சாய்ந்ததும் மாற்றுங்கள். போலரைஸ்டு எடுத்தால் டிஜிட்டல் மீட்டர் இருண்டுபோகலாம், ரோட்டில் சிந்திய எண்ணெயின் பளபளப்பும் மறையலாம், பைக்குக்கு நான் சொல்வதில்லை.

கேள்வி (மோல்மேன்): வைசரை பெட்ரோலால் துடைக்கலாமா? தார் போகவே மாட்டேன் என்கிறது.

கூடாது. பாலிகார்பனேட்டில் பெட்ரோல், தின்னர் பட்டால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விடும். ஈரத் துணியைப் பத்து நிமிடம் மேலே போட்டு ஊறவிட்டு, சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள்.

கேள்வி (தட்டோன்): விபத்தில் ஒருவர் கண்ணாடியும் ஹெல்மெட்டுமாகக் கிடந்தால் எதை முதலில் கழற்றுவது?

மூச்சு விடுகிறார், வாந்தி இல்லை என்றால் ஹெல்மெட்டை இழுக்காதீர்கள், கழுத்து எலும்பு உடைந்திருக்கலாம். வைசரைத் தூக்கிக் கண்ணாடியை மட்டும் நேராக முன்னால் இழுத்து எடுத்துவிடுங்கள். மூச்சுத் திணறி ஹெல்மெட்டைக் கழற்றியே ஆக வேண்டும் என்றால் ஒருவர் தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடிக்க, இன்னொருவர் மெதுவாகக் கழற்ற வேண்டும், அப்போதும் கண்ணாடி முன்னாலேயே வந்திருக்க வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அதை ஒரு சீட்டில் பர்மிய மொழியில் எழுதி, லைசென்ஸோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். மயங்கிக் கிடந்தால் லென்ஸ் கண்ணிலேயே இருப்பது ஆஸ்பத்திரியில் யாருக்கும் தெரியாமல் போகலாம்.