'கியூரேட்ஸ் எக்' என்பது பாராட்டா, குறையா?

உங்கள் கட்டுரையைப் படித்த ஆங்கிலேயப் பேராசிரியர் அதை 'கியூரேட்ஸ் எக்' (துணைப்பாதிரியாரின் முட்டை) என்றாரே, அது பாராட்டா, குறையா என்று கேட்டிருக்கிறீர்கள். சில பகுதிகள் நன்று, சில தேறவில்லை என்பதே இன்று அத்தொடருக்கு வழங்கும் பொருள்.

இது பரவக் காரணம், 1895 நவம்பர் 9 அன்று லண்டனின் 'பஞ்ச்' நகைச்சுவை இதழில் வெளிவந்த, ஜார்ஜ் டு மாரியர் வரைந்த கேலிச்சித்திரம். பேராயரோடு உணவருந்தும் இளம் துணைப்பாதிரியாருக்குக் கெட்டுப்போன முட்டை வந்துவிடுகிறது; பேராயரே அதைக் கவனித்துச் சொல்லியும், மேலிடத்தின் மனம் கோணிவிடுமோ என்று அஞ்சும் அவர், "இல்லை ஐயா, இதில் சில பகுதிகள் மிக அருமை" என்கிறார். முட்டை கெட்டால் முழுவதும்தானே கெடும்? முழுக்கக் கெட்டதைக்கூடக் குறை சொல்லத் துணியாத பணிவே அன்றைய கேலியின் குறி. அது நாளடைவில் மழுங்கி, 'கலவையானது' என்ற பொருள் மட்டும் நிலைத்துவிட்டது.

இதனினும் கூர்மையானது 'டேம் வித் ஃபெயின்ட் பிரெய்ஸ்'. ஆங்கிலக் கவிஞர் அலெக்சாண்டர் போப் 1735இல் வெளியிட்ட கவிதையிலிருந்து வழக்கில் ஊன்றிய இத்தொடர், ஒப்புக்குப் புகழ்ந்தே கவிழ்ப்பதைக் குறிக்கும். நாடகம் எப்படி என்று கேட்டால், "திரைச்சீலை அழகாக இருந்தது" என்பது போல. நம் வஞ்சப்புகழ்ச்சியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இங்கே சொல்லப்படும் புகழ் மெய்யே, அளவுதான் போதாது.

பேராசிரியரிடம் எந்தெந்தப் பகுதிகள் என்று தயங்காமல் கேளுங்கள். முழுக்கக் கெட்டது என்ற பழைய பொருளில் சொல்வோரும் இன்னும் உண்டு.